ஏற்காடு கிரேஞ்ச் பங்களாவில் ராபர்ட் கிளைவ் தங்கினாரா? கோட்டை வீட்டின் கதை என்ன?

ஏற்காட்டுக்கு டூர் போகிறவர்கள் காதில் எப்படியும் விழும் ஒரு கதை உண்டு: ‘கிரேஞ்ச் பங்களாவில்தான் ராபர்ட் கிளைவ் தங்கியிருந்தார்.’ சுற்றுலா இணையதளங்களிலும் இதே வரி உலா வருகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வருஷக் கணக்கு இடிக்கிறது.

கிளைவ் கடைசியாக இந்தியாவை விட்டுக் கிளம்பியது 1767-ல், இறந்தது 1774-ல். அப்போது சேர்வராயன் மலை மைசூர் ஆட்சியின் எல்லைக்குள் இருந்தது. திப்பு சுல்தானுடன் 1792-ல் போட்ட ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைக்குப் பிறகுதான் சேலம் சீமை முறைப்படி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கிரேஞ்ச் கட்டப்பட்டதோ 1820-களில். கிளைவின் மகன் எட்வர்டு சென்னை கவர்னராக இருந்தாரே, அவரா? அவர் பதவிக்காலமும் 1803-லேயே முடிந்துவிட்டது.

சரி, கட்டியது யார்?

அப்போதைய சேலம் கலெக்டர், ஸ்காட்லாந்துக்காரரான எம்.டி. காக்பர்ன். (எழுத்தில்தான் காக்பர்ன். அவர் ஊரில் ‘கோபர்ன்’ என்றே உச்சரிப்பார்கள்.) சேர்வராயன் மலையில் காபி பயிரைக் கொண்டுவந்தவர் என்பதால் ‘ஏற்காட்டின் தந்தை’ என்ற பட்டமும் இவருக்கு உண்டு. இன்று 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறதே, அந்த மலைப்பாதை எல்லாம் அப்போது கிடையாது. குதிரை, டோலி, இல்லாவிட்டால் நடை. மலையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆரம்பகால வீடுகளில் ஒன்று இது.

வீடா, கோட்டையா?

‘கிரேஞ்ச்’ என்றால் தானியக் களஞ்சியம், பண்ணை வீடு என்றுதான் அர்த்தம். தோற்றம் மட்டும் கோட்டைச் சாயல். ஸ்காட்லாந்து பிரபுக்களின் வீடுகளே அப்படித்தான். எதிரிக்குப் பயந்து எழுப்பிய தடித்த சுவரும் கோபுரமும் சண்டை ஓய்ந்த பிறகு கௌரவச் சின்னமாகிவிட்டன. விக்டோரியா ராணிக்காக 1850-களில் கட்டப்பட்ட பால்மோரல் மாளிகை இதற்குப் பெயர்போன உதாரணம்.

ஏற்காட்டிலோ அந்தப் பயம் நிஜமாகவே வந்தது. 1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள இந்த வீட்டைத்தான் தயார்படுத்தினார்கள். பீரங்கி வைத்து, நிலவறையில் ஆறு மாதத்துக்கான உணவைச் சேர்த்து வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கிளர்ச்சி சேலம் பக்கம் வரவே இல்லை.

காக்பர்ன் பிறகு கோத்தகிரிக்குக் குடிபோனார். 1829-ல் சேலத்தில் பிறந்த அவர் மகள் மார்கரெட் வரைந்த நீலகிரிப் பறவை ஓவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.