பெருமந்தமும் லயத்துக் குடும்பமும்: வட்டவளை மலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

1929ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தையில் நேர்ந்த சரிவு, வட்டவளை மலைகளின் லயக் காம்பராக்களையும் வந்தடைந்தது. தேயிலை விலை வீழ்ந்ததும் தோட்ட நிருவாகங்கள் கூலியில் கைவைத்தன. பெருமந்தத்தை ஏற்றுமதிப் புள்ளிவிபரங்களால் அளப்பதே வழக்கம். ஆயின் அதன் சுமை ஈற்றில் எங்கே இறங்கியது என அறியத் தொழிலாளர் குடும்பத்தின் வரவு செலவை நோக்குதல் வேண்டும்.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த குறைந்தபட்சக் கூலி, 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என விதிக்கப்பட்டது. சிறுவருக்கும் கூலி வகுத்தமை, தகப்பனின் உழைப்பு மட்டும் குடும்பத்தைக் காவாது என்பதன் ஒப்புதல் எனலாம். மூவரும் முழுப்பேர் போட்டால் 1 ரூபா 29 சதம். தோட்டம் வழங்கிய அரிசியோ புசலுக்கு 4 ரூபா 80 சதம். மூவரின் ஏறத்தாழ நான்கு நாள் உழைப்பு. இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளையில் கம்பளியைத் தலையிற் போட்டு நனைந்து பறித்தாலும், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான்.

இக்கூலியும் 1931 தொடக்கம் 1933 வரை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரிசி விலையும் குறைந்தமையால் தொழிலாளிக்கு நட்டமில்லை என்பது துரைமார் வாதம். கூலி குறைந்தபோது கடன் குறையவில்லை என்பதை இவ்வாதம் மறைத்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணியிடமும் கடைக்காரரிடமும் கடன்படுதல் ஓயவில்லை. 54 சதக் காலத்தில் வாங்கிய பத்து ரூபாயை அடைக்க இப்போது மேலும் பல நாள் உழைக்கவேண்டும்; வட்டி வேறு.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரிதும் பெண்களே. லயத்தின் பின்புறத் துண்டு நிலத்தில் கீரையும் பூசணியும் விளைந்தன. மாடு வளர்த்தோர் பாலை விற்றனர். பிள்ளைக்குச் சாயத் தேத்தண்ணீரே மிஞ்சியது. அவசரத்திற்குச் சீட்டுக் காசு. அதுவும் போதாதபோது தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போயின. இதனைச் சிக்கனம் எனப் புகழ்வது எளிது. உண்மையில், தோட்டம் குறைத்த கூலியைத் தாய் தன் சோற்றைக் குறைத்து ஈடுசெய்தாள்.

இதுவும் இயலாதோர் தலைமன்னார் வழியே தமிழகம் திரும்பினர். இறப்பர்த் தோட்டங்களிலிருந்து நீக்கப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர்.

1933இல் இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர் செய்துகொண்ட சர்வதேசத் தேயிலை உடன்பாடு, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை நிமிர்த்தியது. அவ்வுடன்பாட்டில் தொழிலாளருக்கு இடமில்லை. அவர்கள் சார்பில் கூலிக் குறைப்பை எதிர்த்தவர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர். அவர் மனைவி மீனாட்சி அம்மையோ தொழிலாளர் கூட்டங்களிற் பாட்டாகவே அக்குறைகளைப் பாடினார். 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.