தாதியின் வாய்ச்சொல்

தாதியர் தொழிலின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பலர், கிரிமிய யுத்தத்தையும் கைவிளக்கேந்திய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரையும் கூறி அமைவர். அவ்விளக்கின் ஒளியிலே அம்மையாரின் எழுத்து மங்கிப் போயிற்று என்பது என் எண்ணம். 1859ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய 'தாதியம் பற்றிய குறிப்புகள்' என்னும் சிறு நூல், காற்று, வெளிச்சம், சுத்தம் என்பவற்றோடு நோயாளியிடம் பேசும் முறையையும் ஆராய்கின்றது.

நோயாளியின் அறைக்குள்ளே பிறர் குசுகுசுவெனப் பேசுவதைக் கொடுமை என்றே அவர் கண்டித்தார். கேளாத சொல்லைப் பிடிக்க நோயாளி செவியை வருத்துவான். அடுத்த அறையில் வைத்தியரும் உறவினரும் நின்று பேசினாலோ, அது தன்னைப் பற்றியதே என அறிந்து கலங்குவான். பேச வருபவர் அவன் பார்வைக்கு நேரே அமரவேண்டும். தலையைத் திருப்ப வைத்தல் ஆகாது. வெளியே செல்லும் தாதி, எப்பொழுது திரும்புவாள் என்பதைச் சொல்லிச் செல்லவேண்டும். காத்திருத்தலும் ஐயமும் உடலுழைப்பினும் மிகுதியாக நோயாளியை நலிவிக்கும் என்றார் அவர்.

"நன்றாக உறங்கினீரா?" என்னும் வினாவையும் அவர் விரும்பவில்லை. பத்து மணி நேரம் விழியாது உறங்காவிட்டால், இரவு கெட்டது என்பான் ஒருவன். இடையிடையே கண்ணயர்ந்ததையே போதுமென்பான் மற்றொருவன். எத்தனை மணி நேரம், எவ்வேளையில் உறங்கினீர் என்று கேட்டாலே உண்மை வெளிப்படும்.

பொய்த் தேறுதலைப் பற்றித் தனி அதிகாரமே உண்டு. ஒன்றுமில்லை, விரைவில் எழுந்துவிடுவீர் என்று வருவோரெல்லாம் சொல்ல, தன் நிலையைத் தானறிந்த நோயாளி எவரிடமும் உள்ளத்தைத் திறக்க முடியாது தனித்துப் போகின்றான். மாலைதோறும் பழப்பையோடு நம் வைத்தியசாலைகளுக்குச் செல்வோரும் இதனைப் படித்தல் நன்று.

பின்னர், 1893இல் அமெரிக்காவின் டிற்றோயிற் நகரில், அம்மையார் பெயரால் ஓர் உறுதிமொழி இயற்றப்பட்டது; அதனை அவர் எழுதினாரல்லர். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதோடு வைத்தியருக்கு விசுவாசமாய் உதவுவதையும் அது விதித்தது. எனக்கு என்ன நோய் என்று நோயாளி கேட்க, சொல்லவேண்டாமென வைத்தியர் தடுத்திருந்தால், தாதி யார் பக்கம் நிற்பது? 1953இல் சர்வதேசத் தாதியர் பேரவை சாவோ பாலோ நகரில் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையும், வைத்தியரின் கட்டளையை விவேகத்தோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுதல் கடமை என்றே கூறிற்று. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் அவ்வாசகம் நீங்கியது. தாதியின் முதற் பொறுப்பு, பராமரிப்பை வேண்டி நிற்கும் மனிதருக்கே உரியது என்று எழுதப்பட்டது.