பழைய தனிநபர் கணினிகளும் வலையமைப்புத் தேர்வும்: ஆர்க்நெட்டை முன்வைத்து

உள்ளூர் வலையமைப்பின் வரலாற்றில் ஈதர்நெட்டின் வெற்றி தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது போலப் பேசப்படுவதுண்டு. அதை ஏற்றால், 1980-களில் ஆர்க்நெட்டைத் தேர்ந்த அலுவலகங்கள் தொழில்நுட்பம் அறியாதவை என்றாகும். அன்றைய கணினிகளின் இயல்போடு பொருத்தி நோக்கினால் இக்கருத்து நிலைபெறாது.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரைச் சேர்ந்த டேட்டாபாயின்ட் நிறுவனம் 1977-இல் ஆர்க்நெட்டை வெளிக்கொணர்ந்தது. அதன் வேகம் நொடிக்கு 2.5 மெகாபிட். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1973-இல் தோன்றிய ஈதர்நெட்டோ, 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்றும் வெளியிட்ட வரையறையில் 10 மெகாபிட்டை எட்டியது. தாளில் இது நான்கு மடங்கு வேறுபாடு. மேசைமேல் இருந்த கணினிக்கு அவ்வேறுபாட்டை நுகரும் ஆற்றல் இருந்ததா என்பதே கேள்வி.

1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் வன்தட்டு நிமிடத்திற்கு 3600 முறை சுழன்றது; ஒரு தடத்தில் 512 பைட் கொண்ட 17 பிரிவுகள் இருந்தன. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய கணினி ஒரு பிரிவைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது கடந்துவிடும் என்பதால், பிரிவுகள் 6:1 என்ற இடைவெளியில் எண்ணிடப்பட்டன. ஒரு தடத்தைப் படிக்க ஆறு சுழற்சிகள் வேண்டும். ஆகவே உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபைட். ஆர்க்நெட்டில் ஒவ்வொரு பைட்டும் 11 பிட்டுகளாகச் சென்றது. அப்படியும் 227 கிலோபைட் வரை கொண்டுசெல்ல இயலும். வழங்கிக் கணினி வட்டுத் தரவை நினைவகத்தில் சேமித்துவைத்தபோதும், பலர் ஒரே வேளையில் கோப்புகளைக் கேட்டபோதும் இக்கணக்கு மாறும். சிறு அலுவலகத்தில் அந்நெருக்கடி அரிது.

வடத்தின் பங்கு இதனினும் பெரிது. ஆர்க்நெட்டுக்கு வேண்டிய 93 ஓம் வடமே ஐபிஎம் 3270 முனையங்களுக்கும் பயன்பட்டது. அம்முனையங்கள் இருந்த கட்டடங்களில் சுவருக்குள் அவ்வடம் முன்பே கிடந்தது. மெல்லிய வட ஈதர்நெட்டில் யாரேனும் ஓர் இணைப்பியைக் கழற்றினால் அத்துண்டு முழுவதும் நின்றுபோகும். குவியத்திலிருந்து கிளைத்த ஆர்க்நெட்டில் ஒரு வடம் அறுந்தால் பெரும்பாலும் அந்த ஒரு கணினியே துண்டிக்கப்படும். பராமரிப்பாளர் இல்லாத அலுவலகத்திற்கு இதுவே தீர்மானமான காரணம்.

ஆர்க்நெட்டின் குறைகளும் சிறியவையல்ல. ஒவ்வோர் அட்டையின் எண்ணையும் சிறு நிலைமாற்றிகளால் கையால் அமைக்க வேண்டும். இரு கணினிகளுக்கு ஒரே எண் வாய்த்தால் வலையமைப்பு குழம்பும். ஈதர்நெட் அட்டையோ ஆலையிலேயே தனி எண் பெற்று வந்தது. மேலும், ஐஇஇஇ 802 தர வரிசையில் ஆர்க்நெட் இடம்பெறவில்லை. திறந்த தரம் வழங்கிய போட்டி ஈதர்நெட் அட்டைகளின் விலையைத் தொடர்ந்து குறைத்தது.

1990-இல் 10பேஸ்-டி தரம் வந்தபோது ஈதர்நெட்டும் முறுக்கிணைக் கம்பியில், குவியத்திலிருந்து கிளைக்கும் அமைப்பாயிற்று. ஆர்க்நெட்டைத் தேர்ந்தோர் மதித்த நன்மை ஈதர்நெட்டுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். அதன்பின் அலுவலகங்களில் பின்தங்கிய ஆர்க்நெட், ஆலைக் கருவிகளிலும் கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்புகளிலும் நெடுங்காலம் இயங்கியது.