பாக்கியில் ஓடிய கடை

1930களின் பெருமந்தம் என்றதும் நியூயார்க் பங்குச்சந்தை, கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் வேலையில்லாதவர்கள், கதவடைத்த அமெரிக்க வங்கிகள் என்று படங்கள் ஓட ஆரம்பித்துவிடும். தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் அது அப்படி வரவில்லை. மல்லாட்டை விலையாக வந்தது.

மணிலாக்கொட்டைதான் வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆனது. பெயரிலேயே கப்பல் இருக்கிறது. பண்ருட்டி, திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்து மானாவாரி மண்ணில் விளைந்த கொட்டை, கடலூர், புதுச்சேரி வழியாக மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மார்சேயில் விலை இறங்கினால் தந்தி வரும். ஏற்றுமதிக் கம்பெனியின் ஏஜண்டு மண்டிக்காரரிடம் சொல்வார், மண்டிக்காரர் ஊர்க் கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர்தான் அதை விவசாயியின் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டியவர். இந்தக் கடைசிப் படியில் நின்ற ஆளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஜமீன்தாருக்கும் லேவாதேவிக்காரருக்கும் வரலாற்றில் பக்கங்கள் உண்டு. உப்பும் மிளகாயும் விற்றவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

அந்தக் கடையை இன்றைய மளிகைக் கடை போல நினைக்கக் கூடாது. திண்ணையை ஒட்டிய ஒரு அறை. உப்பு, புளி, மிளகாய், வெல்லம், புகையிலை, சீமெண்ணெய், நெருப்புப் பெட்டி. நிறுப்பது வீசையிலும் பலத்திலும், அளப்பது படியிலும் ஆழாக்கிலும். காலணாவுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் பெரும்பாலான வியாபாரம். சேரியிலிருந்து வருபவர்கள் திண்ணைக்கு வெளியே தள்ளி நின்று வாங்கவேண்டியிருந்த காலம் அது; அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இதே கடை அறுவடைக் காலத்தில் கொள்முதல் இடமாக மாறிவிடும். ஆடி மாதம் விதைக்கென்று கொடுத்த முன்பணத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் மல்லாட்டை மூட்டை வந்து இறங்கும். நடுவில் நாலைந்து மாதம் வீட்டுச் சாமான் முழுக்கக் கடன். அன்றன்றைக்குச் சிட்டையில் ஏறும், பிறகு பேரேட்டுக்குப் போகும். கடைக்காரரும் தன் பங்குக்கு டவுன் மண்டியில் கடன்காரர்தான். "கடன் குடுக்கலைன்னா யாவாரம் இல்ல, குடுத்தா முதல் இல்ல" என்கிற புலம்பல் எந்த ஊர்க் கடையிலும் கேட்கக்கூடியதுதான்.

1930ல் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் வசதிக்காகச் சொல்வது. மூட்டை எட்டு ரூபாய் விற்கும்போது ஒருவர் இருபது ரூபாய் முன்பணம் வாங்குகிறார். இரண்டரை மூட்டை போட்டால் தீர்ந்துவிடும். அறுவடைக்குள் விலை நாலு ரூபாய்க்கு வந்துவிட்டது. இப்போது ஐந்து மூட்டை போடவேண்டும். அவர் காட்டில் விளைந்ததே ஆறு மூட்டை என்றால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? "என்ன செட்டியாரே, ஒரு பைசா கூட அதிகமா வாங்கலையே, அப்புறம் எப்படி ரெட்டிப்பாச்சு?" என்று அவர் கேட்டால் அதற்குக் கடைக்காரரிடம் பதில் கிடையாது. மாறாக, மூட்டைக்கு இத்தனை என்று முன்கூட்டியே பேசி முன்பணம் கொடுத்திருந்தால் நஷ்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில். இரண்டில் எதுவானாலும் மண்டிக்காரருக்குக் கட்டவேண்டிய ரூபாய் குறையவில்லை. சர்க்கார் கிஸ்தியும் விளைச்சலின் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. அது ரூபாயில் குறிக்கப்பட்டது.

விலை ஒரு வருஷம் இறங்கி மறு வருஷம் ஏறியிருந்தால் சமாளித்திருப்பார்கள். அது இறங்கிக்கொண்டே போனது. 1914 ஜூலையை 100 என்று வைத்துக் கணக்கிட்ட கல்கத்தா மொத்தவிலைக் குறியீடு 1929ல் 141, 1933ல் 87. இது எல்லாச் சரக்கும் சேர்ந்த சராசரி. விளைபொருள்கள் இதைவிட மோசமாக விழுந்தன. நெல், மல்லாட்டை இரண்டுமே ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தன. ஆனால் விவசாயி வாங்கும் சரக்கு அந்த வேகத்தில் இறங்கவில்லை. ஒரு புட்டி சீமெண்ணெய்க்கு முன்பைவிட அதிக மல்லாட்டை அளக்கவேண்டியிருந்தது. கடையில் சரக்கு இருக்கிறது, வாங்க ஆளும் நிற்கிறார், நடுவில் துட்டு மட்டும் இல்லை.

கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் துட்டை ஒதுக்கிவிட்டார்கள். கூலி படியளப்பாகவே கொடுக்கப்பட்ட ஊர்களில் தானியம் கொடுத்துச் சாமான் வாங்குவது புதிதல்ல. கம்பையோ கேழ்வரகையோ முறத்தில் கொண்டுவந்து உப்பு, மிளகாய் வாங்கிப் போவது எப்போதும் உண்டு. மந்த காலத்தில் கொஞ்சம் நிலபுலன் உள்ளவர்களும் அப்படி வர ஆரம்பித்தார்கள். பண்டமாற்று என்றால் ஏதோ பழங்கால எளிமை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தானியத்தை வாங்கும்போது ஒரு லாபம், சாமானைக் கொடுக்கும்போது ஒரு லாபம், அளக்கும் படியும் கடைக்காரருடையது. ரூபாயில் பார்த்தால் நலிந்துபோன கடை, தானியத்தில் பார்த்தால் அவ்வளவு நலியவில்லை. குதிரில் கம்பு கிடந்தால் மழையில்லாத ஆவணியில் அதற்கு ஒரு விலை உண்டு.

இன்னொரு வேலை பேரேட்டில் நடந்தது. அன்றிருந்த காலவரையறைச் சட்டப்படி சாமான் பாக்கிக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் வழக்குப் போடவேண்டும். இல்லாவிட்டால் கடன்காரர் ஒரு சிறு தொகை கட்டிக் கையெழுத்துப் போட்டுப் பாக்கியைப் புதுப்பிக்கவேண்டும். வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்? ஸ்டாம்பு செலவு, வக்கீல் செலவு, முன்சீப் கோர்ட்டுக்கு நாலு நடை. டிக்ரி வாங்கி நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் நிலத்தின் விலையும் விழுந்து கிடக்கிறது. ஆகவே நாலணா வரவு வைத்து ஒரு கைநாட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். பெருந்தன்மை என்று இதைச் சொல்லமுடியாது, ஆனால் வாங்கியவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. கடை நடத்துவது என்பது அந்த ஐந்தாறு வருஷங்களில் யாரிடம் கேட்பது, யாரிடம் இந்த வருஷம் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்வதுதான். எருது வைத்திருப்பவரை விட்டுவைக்கலாம், அடுத்த ஆடிக்கு உழுவார். நிலமில்லாத கூலிக்காரருக்கு அந்தத் தயவு கிடையாது. ஒழுங்காகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவருக்கும் ஒருநாள் "இனிமே கையில காசு இருந்தா வாம்மா" என்று சொல்லப்பட்டிருக்கும். கடை பிழைத்த கதையில் இந்த வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

கேட்டு வாங்கியே தீருவது என்று இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய உதாரணம் இருந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் 1930ல் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். 1938ல் அது 25 சதவீதம். கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, சுழலும் பணம்தான் வேண்டியிருந்தது. விலைபோகாத வயலாக முதல் முடங்கியதோடு, பர்மியர்களின் கோபமும் அவர்கள்மேல் திரும்பியது. தென்னாற்காட்டுச் சிறு கடைக்காரருக்கு இந்த அளவு முதலும் இல்லை, நிலத்தைப் பிடுங்கிவிட்டு அதே தெருவில் கடை திறந்து உட்காரும் தைரியமும் இருந்திருக்காது.

பழைய பாக்கிகள் ஓரளவாவது வசூலான வழி வேறு. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே இறங்க, ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. ஊரில் விலை ஏறிய ஒரே சரக்கு பெண்கள் கழுத்திலும் காதிலும் கிடந்தது. நூற்றாண்டுகளாகத் தங்கத்தை உள்ளே இழுத்த நாடு வருஷக்கணக்கில் தங்கத்தை ஏற்றுமதி செய்தது. பம்பாயில் கப்பலேறிய அந்தக் கட்டிகளில் எத்தனை மூக்குத்தி, எத்தனை தாலிக்குண்டு! கிஸ்திக்காக விற்றார்கள், கடைப் பாக்கிக்காகவும் விற்றார்கள். பேரேட்டில் அது ஆம்பிளையின் பெயரில் வரவாக ஏறியிருக்கும். கடைக்காரரின் சாமர்த்தியத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், கடைகள் மூடாமல் தப்பியதற்கு இந்தத் தோடுகளைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது என்றால், முதலில் வரி போட்டது. 1931ன் இறுதியில் வந்த அவசர பட்ஜெட் உப்பு வரி உட்படப் பல வரிகள்மேல் நாலில் ஒரு பங்கு கூட்டியது. வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. வருமான வரிக்கான கீழ் வரம்பையும் 2,000 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக இறக்கினார்கள். வியாபாரம் படுத்துக்கிடந்த நேரத்தில் அதுவரை வரியே கட்டியிராத சிறு வியாபாரிகள் வரி வளையத்துக்குள் வந்தார்கள். வராத பாக்கியை வருமானமாக எழுதுவதா வேண்டாமா என்று பேரேட்டை வைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

கடை தொடர்ந்து நடக்க மேலேயிருந்தும் கடன் வரவேண்டும். அதற்குச் சாதி வேண்டும். சும்மா சுற்றி வளைக்கவேண்டாம். மண்டியில் நம்பிக்கை என்பது பெரும்பாலும் உறவுமுறை. தெற்கே நாடார்கள் வியாபாரத்திலிருந்து மகமை எடுத்துப் பொது நிதி வைத்திருந்தார்கள், 1921ல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள். அப்படி ஒரு முதுகு உள்ளவர்கள் நாலு மோசமான வருஷங்களைத் தாங்கினார்கள். தனியாக வந்து கடை போட்டவர் ஒரே வருஷத்தில் கூலிக்குப் போயிருப்பார். அவர் பேரேடு எந்த ஆவணக்காப்பகத்துக்கும் வந்து சேராது.

சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930ல் மாகாணத்தின் கிராமக் கடனை 150 கோடி என்று மதிப்பிட்டது. சத்தியநாதன் 1935ல் கொடுத்த அறிக்கையில் அது 200 கோடி. ஐந்து வருஷத்தில் ஜனங்கள் புதிதாக 50 கோடி வாங்கிச் செலவழித்தார்கள் என்று இதைப் படிக்கக்கூடாது. வட்டி நின்று நின்று முதலாகிவிட்டதுதான் அதில் நிறைய. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்து 1916 வாக்கில் ஆய்வு செய்த கிராமங்களில் ஒன்று. அதே ஊர்களை 1936-37ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆய்வு செய்தார்கள். ஆர்வமுள்ளவர்கள் இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். நல்ல நாவலைப் படிப்பது போல இருக்கும்.

1937ல் ராஜாஜி மந்திரிசபை வந்தது. 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்க ரத்து. முதலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் முதலும் ரத்து. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு வட்டி 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. பணமோ பண்டமோ, அடமானம் உண்டோ இல்லையோ, விவசாயி தரவேண்டிய பாக்கி என்றால் பொதுவாகச் சட்டத்துக்குள் வந்துவிடும். கைநாட்டு வாங்கி வாங்கி உயிரோடு வைத்திருந்த பழைய பாக்கிகளின் வட்டி ஒரே நாளில் போச்சு. கிராமத்துக் கடைக்காரர்கள் பலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. வருமான வரி கட்டாதவராக இருந்தால் அவரும் விவசாயி என்று சொல்லித் தன் கடனுக்கு நிவாரணம் கேட்கலாம். இடது கையில் போனது வலது கையில் கொஞ்சம் வந்தது. வேறு சொத்தில்லாத பெண்களுக்கு வரவேண்டிய சிறு கடன்களுக்குச் சட்டம் விலக்களித்தது. நம்பிக்கையான கடையில் நூறோ இருநூறோ போட்டுவைத்து வட்டியில் கஞ்சி குடித்த விதவைகளை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்துக்குப் பிறகு புதுக் கடன் கிடைப்பது கஷ்டமானது. மறுபடி எப்போது ரத்து செய்வார்களோ என்று பயந்தவர், நிலத்தை விக்கிரயமாகவே எழுதிக்கொடு என்று கேட்பது இயல்புதானே.

அதே மந்திரிசபை சேலத்தில் 1937 அக்டோபரில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் கடைக்கு அந்த வரி இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் கடை அந்த வரம்பின் அருகில்கூடப் போயிருக்காது.

அந்த ஆண்டு செப்டம்பரில் யுத்தம் ஆரம்பித்தது. மெல்ல விலை ஏற, மல்லாட்டைக்காரர்கள் பாக்கியை அடைக்க வந்தார்கள். பத்து வருஷமாகப் பார்க்காத ரூபாய் நோட்டுகள் கல்லாவில் விழுந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது, பர்மா சீமெண்ணெய் நின்றது. கையில் காசோடு திண்ணையில் நிற்பவர்களிடம் கடைக்காரர் காலி டின்னைக் கவிழ்த்துக் காட்டவேண்டியிருந்தது.