நோயாளியிடம் திரும்பும் ஆய்வு: பேராதனை மருத்துவ பீடமும் விருதுகளின் அளவுகோலும்

1977, 78ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வயதுக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண்பிள்ளைகள் சிலருக்குக் கால்கள் செயலிழந்தன. கெண்டைக்காலில் வலி எடுத்தது. பின்பு பாதம் தொங்கிப்போனது. சிலருக்குக் கையும் பலமிழந்தது. பாதிக்கப்பட்டோர் இருபது பேர் அளவில். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். கம்பளை, புஸ்ஸல்லாவைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான, வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கான முறைப்படி அவர்களுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்ற நரம்பு நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கலன்களில் அதை ஏற்றி வந்ததால் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் ஏறத்தாழ 10,000 பேரை முடக்கியதும் எண்ணெயில் கலந்த இதே வகை நஞ்சுதான்.

இதைக் கண்டறிந்து 1981இல் லான்செட் சஞ்சிகையில் எழுதியவர்கள் பேராதனையின் நரம்பியல் மருத்துவர் நிமால் சேனாநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும். கட்டுரை மிகச் சிறியது. ஆனால் அதை எழுதுவதற்கு யாரோ ஒருவர் அந்தப் பிள்ளைகளிடம் என்ன சாப்பிட்டாய், எத்தனை நாள் சாப்பிட்டாய், எண்ணெய் எங்கே வாங்கியது என்று பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். தாய்மார் வெளியாரிடம் எளிதில் பேசாத விடயம் அது. ஆய்வு விருதுகளுக்கான விண்ணப்பப் படிவங்களில் இந்த உழைப்பைக் குறிக்க இடமில்லை என்பதே என் முறைப்பாடு.

இலங்கையில் விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று, தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஊடாக வழங்கப்படும் ஜனாதிபதி விருது. சர்வதேச மேற்கோள் அட்டவணையில் சேர்ந்த சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகளே அதற்கு அடிப்படை. இந்த அளவுகோலை நான் இகழவில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு சிறு நாட்டில், மதிப்பீட்டை வெளிநாட்டு நடுவர்களிடம் விடுவது சிபாரிசுக்கும் செல்வாக்குக்கும் வேலி போடுகிறது. பின்னணி பலமில்லாத இளம் விரிவுரையாளருக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் அந்த அளவுகோல் கட்டுரை வெளியான நாளோடு நின்றுவிடுகிறது. மருத்துவ ஆய்வின் பெறுமதி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

பேராதனையிலிருந்தே இன்னொரு சான்று தரலாம். 1987இல் சேனாநாயக்கவும் மயக்க மருந்தியல் நிபுணர் லக்ஷ்மன் கரல்லியத்தவும் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினர். கரிமப் பொஸ்பரசுப் பூச்சிமருந்து உட்கொண்டவர்கள் அவர்கள். முதற்கட்ட நஞ்சுக் குறிகள் தோன்றிய பின், 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் புதிதாக ஒரு முடக்கம் வந்தது: தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, தோளும் இடுப்பும் தளர்ந்தன, சுவாசத் தசைகள் ஓய்ந்தன. நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. ‘இடைநிலை நோய்த்தொகுதி’ என்று இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் படிப்பது இதைத்தான். ஆபத்து நீங்கியது என்று எண்ணி நோயாளியைச் சாதாரண விடுதிக்கு மாற்றும் வேளையில்தான் மூச்சு நிற்கும் என்ற அறிவு எத்தனையோ உயிர்களைக் காக்கக்கூடியது.

அந்தப் பத்துப் பேர் உட்கொண்ட மருந்துகளில் மொனோகுரோட்டொபொஸ், மெத்தமிடொபொஸ் இரண்டும் 1995இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அப்போது ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்த நாட்டின் தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதில் இத்தகைய தடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. அவர்கள் உட்கொண்ட மற்றவையான டைமெதோயேற்றும் பென்தியோனும் 2008க்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டன. இதையெல்லாம் ஒரு கட்டுரையின் கணக்கில் வரவு வைப்பது தவறு. பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம், நஞ்சுத் தகவல் நிலையம், இரவு முழுதும் விடுதியில் மூச்சை எண்ணிய தாதியர் எனப் பலர் அதில் உண்டு. பலர் சேர்ந்து செய்ததை ஒருவர் கழுத்தில் மாலையாகப் போடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆகவே இப்போதுள்ள விருதை அப்படியே விட்டு, இரண்டாவதாக ஒன்றைப் பேராதனை போன்ற பீடங்கள் ஏற்படுத்தலாம். கட்டுரை வெளிவந்து பத்தாண்டு கழித்து, தனியாளுக்கு அல்லாமல் முழு ஆய்வுக்குழுவுக்கு அது வழங்கப்பட வேண்டும். சிகிச்சை முறையோ சட்டமோ மக்களின் பழக்கமோ அந்த ஆய்வால் மாறியதா என்பதற்குச் சான்று கேட்க வேண்டும். ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், தோட்ட மருத்துவ உதவியாளரும் குழுவில் பெயரோடு இடம்பெற வேண்டும். முடிவு நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லப்பட்டதா என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும். தமிழ் பேசும் தோட்ட மக்களின் இரத்தமும் வரலாறும் தரவாகிவிட்டு, முடிவு ஆங்கிலத்தில் மட்டும் தங்குவது நியாயமாகாது.

தொடர் கண்காணிப்புக்கும் தனி மதிப்பு வேண்டும். நல்லெண்ணெய் நஞ்சால் முடங்கிய பிள்ளைகளைச் சேனாநாயக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, இன்னொரு கட்டுரையாகப் பதிவு செய்தார். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்கிடும் முறையில், ஒரே சிறு குழுவுக்காக மூன்று ஆண்டு காத்திருக்க இன்றைய இளம் ஆய்வாளர் துணிவது கடினம். பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தை வகுப்பவர்கள் முதலில் திருத்த வேண்டிய இடம் அதுதான்.