ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் வரல: 1999 ஏப்ரல் 26

போன எபிசோடு ஒரு வாரம் தாமதமா வந்ததுக்கு நிறைய பேர் திட்டியிருந்தீங்க. காரணம் என் டெஸ்க்டாப். பட்டனை அமுக்கினால் லைட் எரியுது, ஃபேன் சுத்துது. ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, தினமும் கோடு எழுதிச் சம்பளம் வாங்குற ஆள் நான். கேபினட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது திண்டுக்கல்லிலிருந்து மாமா வந்திருந்தார். காபி டம்ளரோடு பின்னாடி நின்று பார்த்துவிட்டு, "இதே மாதிரிதான் மாப்ள, என் கடை சிஸ்டமும் போச்சு. தொண்ணூத்தி ஒம்பதுல. ஃபேன் ஓடும், உயிர் இருக்காது" என்றார்.

என் சிஸ்டத்தின் கதை சின்னது. ராம் ஸ்டிக்கைக் கழற்றி, அதன் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்தி மாட்டினேன். வந்துவிட்டது. மாமாவின் கதைதான் இந்த எபிசோடு.

அவர் அப்போது டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ். கடன் வாங்கி 1998-ல் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பென்டியம் எம்எம்எக்ஸ், விண்டோஸ் 98, 4 ஜிபி ஹார்டு டிஸ்க். டைப் அடிக்க ஒரு அண்ணன் வேலைக்கு இருந்தார், பிளஸ் டூ முடித்தவர். சித்திரை மாதம், முகூர்த்த சீசன். ஒரு திங்கட்கிழமை காலை அந்த அண்ணன் சிஸ்டத்தைப் போட்டார். விண்டோஸ் வந்தது. பேஜ்மேக்கரைத் திறந்தார். அப்படியே உறைந்து நின்றது. மவுஸ் நகரவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், ரீசெட் பட்டனை அமுக்கினார். அதற்கப்புறம் அந்த ஸ்கிரீன் வரவே இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்றார். கடையில் இருந்த எல்லாரும் பார்த்தது ஒன்றைத்தான்: அவன் ரீசெட் அமுக்கினான், மிஷின் செத்தது. மாமா அவர் சம்பளத்தில் மாதம் 200 ரூபாய் பிடித்திருக்கிறார். ஆறாவது மாதம் அந்த அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"சித்திரைல எந்தத் தேதி மாமா?"

தேதி அவருக்கு நினைவில் இல்லை. "பார்லிமென்ட்டைக் கலைச்ச அன்னிக்கு" என்றார். பக்கத்து டீக்கடை ரேடியோவில் அன்றைக்கு அதுதான் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் தோற்றது 1999 ஏப்ரல் 17. மக்களவை கலைக்கப்பட்டது ஏப்ரல் 26, திங்கட்கிழமை. அந்தத் தேதியைச் சொன்னதும் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, பட்டனை அமுக்கினதும் உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

கரண்ட் வந்ததும் பிராசஸருக்கு ஒன்றுமே தெரியாது. ராம் காலி. ஹார்டு டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்சினையை மனுஷன்தான் தீர்த்தான். முன்பக்கத்தில் இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு சுவிட்ச் தப்பினாலும் திரும்ப முதலிலிருந்து. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த முதல் கட்டளைகள் ஒரு ராம் அல்ல, ரோம் சிப்பில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தன. அதுதான் பயாஸ். பிராசஸர் கண் விழித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போகும். 1 எம்பி எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால். அங்கே பயாஸ் இருக்கும். அது ராமைச் சோதித்து, டிஸ்ப்ளேவை எழுப்பி, எல்லாம் சரி என்றால் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அப்புறம்தான் டிஸ்க்கைத் தேடிப் போகும்.

அந்த முகவரியில் குப்பை இருந்தால்? ஃபேன் சுத்தும். ஃபேனுக்குக் கரண்ட் போதும், பயாஸ் தேவையில்லை. பீப் வராது, ஸ்கிரீன் வராது, எரர் மெசேஜ் வராது. எரர் என்று சொல்வதற்கே ஒரு புரோகிராம் உயிரோடு இருக்கணுமில்லையா?

ரொம்ப காலம் அங்கே குப்பை சேர வழியே இல்லை. ரோமில் எழுத முடியாது. மாற்றி எழுதக்கூடிய சிப்பாக இருந்தாலும், கழற்றி எடுத்துப் புற ஊதா ஒளியில் வைத்து அழித்துத்தான் எழுத வேண்டும். தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் மெமரி வந்த பிறகு கதை மாறியது. தொண்ணூறுகளின் நடுவில் மதர்போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ் சிப்புக்குக் குடிபெயர்ந்தது. புது ஹார்டுவேர் வந்தால் சிப்பைக் கழற்றாமலேயே அப்டேட் பண்ணிக்கலாம். நல்ல வசதிதான். ஆனால், சாஃப்ட்வேரால் அப்டேட் பண்ண முடியும் என்றால் சாஃப்ட்வேரால் அழிக்கவும் முடியும். எழுதுவதைத் தடுக்கப் பல போர்டுகளில் ஒரு ஜம்பர் இருந்தது. ஃபேக்டரியிலிருந்து வரும்போதே அதைத் திறந்து விட்டுத்தான் நிறைய போர்டுகள் வந்தன. கதவு செய்து, பூட்டும் வாங்கி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி.

தைவானில் தாதுங் கல்லூரியில் படித்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-ல் எழுதிய வைரஸ்தான் அந்தக் கதவைத் திறந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்கும் பெயர்: சி.ஐ.எச். அளவு சுமார் ஆயிரம் பைட். நான் இப்போது பேசின ஒரு பத்தியை சேவ் பண்ணினாலே அதைவிடப் பெருசா இருக்கும்! விண்டோஸ் புரோகிராம் ஃபைல்களுக்குள் அங்கங்கே காலி இடைவெளிகள் இருக்கும். இது தன்னைத் துண்டு துண்டாக வெட்டி அந்த இடைவெளிகளில் ஒளிந்துகொள்ளும். ஃபைல் சைஸ் ஒரு பைட்கூடக் கூடாது. விண்டோஸ் 95, 98 இரண்டும் சாதாரணப் புரோகிராம்களை ஹார்டுவேர் வரைக்கும் போகவிடுகிற ஓட்டையோடு இருந்தன. விண்டோஸ் என்டியில் இந்த வித்தை பலிக்கவில்லை.

பரவியது எப்படி என்றால், பெரும்பாலும் திருட்டு சிடிக்கள். ஆனால் பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. யமஹா சிடி டிரைவ் ஒன்றுக்கான அப்டேட் ஃபைலில் இருந்தது. 1999 மார்ச்சில் ஐபிஎம் அனுப்பிய ஆப்டிவா கம்ப்யூட்டர்களில் ஒரு பகுதி இந்த வைரஸோடயே கடைக்கு வந்தது.

அது மாதக்கணக்கில் சும்மா இருக்கும். ஏப்ரல் 26 வந்ததும் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஹார்டு டிஸ்க்கின் முதல் 1 எம்பியைப் பூஜ்யங்களால் நிரப்பும். இரண்டு, பயாஸ் சிப்பில் குப்பையை எழுதும். இரண்டாவது எல்லா போர்டிலும் நடக்காது. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் மாதிரி சிலவற்றில்தான். பென்டியம் எம்எம்எக்ஸ் காலத்து போர்டுகள் அவை.

செர்னோபில் விபத்தும் 1986-ல் இதே ஏப்ரல் 26 என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. தென்கொரியா, துருக்கி, இந்தியா என்று ஆசியப் பக்கம்தான் அடி அதிகம். அமெரிக்காவில் சரியாக ஒரு மாதம் முன்னால் வந்த மெலிசா வைரஸால் எல்லாரும் பயந்துபோய் ஆன்டிவைரஸைப் புதுப்பித்திருந்ததால் அங்கே சேதம் குறைவு. சென் மன்னிப்புக் கேட்டார். தைவானில் பாதிக்கப்பட்ட யாரும் அப்போது புகார் கொடுக்க முன்வராததால் உடனே வழக்குப் போட முடியவில்லை. பிறகு அங்கே கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்தையே திருத்தினார்கள்.

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம். டிஸ்க் மட்டும் அழிந்திருந்தால் ஸ்கிரீன் வந்திருக்கும். கம்பெனி லோகோ, ராம் கணக்கு எல்லாம் காட்டிவிட்டு 'சிஸ்டம் டிஸ்க் இல்லை' என்று நின்றிருக்கும். பீப்கூட இல்லாமல் கறுப்பாக நின்றது என்றால், பயாஸ் போயிருக்கிறது. ரீசெட் பட்டனால் பயாஸை அழிக்க முடியாது. அது அமுக்கப்படும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்த உறைந்த ஸ்கிரீன்தான் சம்பவம்.

போர்டும் போகவில்லை. அதே மாடல் போர்டு இன்னொன்று இருந்தால் போதும். அதன் நல்ல சிப்பில் பூட் செய்துவிட்டு, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி, அதில் பயாஸை எழுதுவார்கள். அன்றைக்கு இந்த வேலையைக் கற்றுக்கொண்ட மெக்கானிக்குகள் உண்டு. நினைத்தாலே எனக்கு விரல் நடுங்குது.

"டிஸ்க்ல சி டிரைவ் மட்டும்தானா மாமா? டி டிரைவ் இருந்துச்சா?"

"சி மட்டும்தான்."

4 ஜிபி முழுக்க ஒரே டிரைவ் என்றால், விண்டோஸ் 98-ல் அது ஃபேட்32 ஆகத்தான் இருக்க முடியும். பழைய ஃபேட்16-க்கு 2 ஜிபிதான் எல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் ஃபேட். அதை விண்டோஸ் இரண்டு காப்பி வைத்திருக்கும். 4 கேபி கிளஸ்டர் என்றால் 4 ஜிபி டிஸ்க்குக்கு ஒரு காப்பியே சுமார் 4 எம்பி. வைரஸ் அழித்தது முதல் 1 எம்பி மட்டும். ரெண்டாவது காப்பி முழுசா இருந்திருக்கும். அதை வைத்து மீட்டெடுக்க ஸ்டீவ் கிப்சன் என்பவர் ஒரு புரோகிராம் எழுதி இலவசமாகவே கொடுத்தார்.

நான் கணக்குப் போட்ட பேப்பரை மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அந்தப் பத்திரிகை எல்லாம் உள்ளயே இருந்திருக்கு?"

"இருந்திருக்கு மாமா. டிஸ்க்கை என்ன பண்ணீங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், அந்த சாஃப்ட்வேர் எல்லாம் எங்கே வாங்கினது என்று. எல்லாம் ஒரே சிடியில் அடங்கினது, மெட்ராஸ் போனபோது 100 ரூபாய்க்கு அவரே வாங்கி வந்தது. சொல்லி முடிக்கும்போது அவருக்கே புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த அண்ணன் இப்போது திருப்பூரில் இருக்கிறார். நம்பரை மாமா ரெண்டு நாளில் யாரையோ பிடித்து வாங்கிவிட்டார். "நீயே பேசு மாப்ள, எனக்கு வராது" என்று போனை என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டு, வைரஸ், பயாஸ், தேதி எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை.

"இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல எது ஹேங் ஆனாலும் நான் தொட மாட்டேன் தம்பி. பையனைத்தான் கூப்பிடுவேன்" என்றார். அப்புறம், "தேதி என்னன்னு சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்டார்.

ஏப்ரல் 26 என்றேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. மாமா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.