துண்டு: ஊவாத் தோட்டங்களின் கடன் சீட்டு

இலங்கையின் ஊவாப் பகுதியிலுள்ள பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டும் கங்காணிகள் வழியே அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள், வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறிய நிலையிலேயே வேலையைத் தொடங்கினர். கங்காணியும் அவரது ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், குறிப்பிட்ட தொகை கட்டப்பட்டதும் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ள, அது கங்காணியின் பற்றிலும் அவர் வழியாகத் தொழிலாளரின் பற்றிலும் மீண்டும் ஏறியது. ஆட்களுக்கான போட்டி முற்றியபோது துண்டுத் தொகையும் வளர்ந்தது. ஆயினும் கொழுந்து பறித்தவருக்குத் தம் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவோ, அது பிழையென மறுக்கவோ நடைமுறையில் வழியே இருக்கவில்லை. கடனைவிடக் கொடிய அநீதி இதுதான்.

துரைமார் சங்கங்களே வளர்ந்துவந்த துண்டுத் தொகையால் தமக்கு நேர்ந்த செலவைக் கண்டு அஞ்சிய நிலையில், இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் சேர, 1921இல் இயற்றப்பட்ட சட்டம் துண்டைத் தடைசெய்தது.

துண்டு தடைசெய்யப்பட்டுப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர், நாட்டில் கடன் பெறுவோரின் கடன் வரலாற்றைத் திரட்டும் பணி சட்டபூர்வ நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால், மக்கள் வழக்கில் ‘கிரிப்’ எனப்படும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் அமைக்கப்பட்டது. வங்கிகளுக்காகத் தொடங்கிய அதன் அறிக்கையை இன்று கடனாளியும் கட்டணம் செலுத்திப் பெறலாம், பிழை கண்டால் திருத்தக் கோரலாம். தோட்டங்களின் லயன் அறைகளில் வாழும் ஒவ்வொருவரும் இவ்வுரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.